துறைமுகமும் தொரை முகமும்

அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன் நான். கடலைப் படத்தில் மட்டுமே பார்த்து வளர்ந்த எனக்கு, திருகோணமலைக்கு வரும் வெளிநாட்டுப் பாய்மரப் படகுகளை வரவேற்கும் வேலை கிடைத்தது வேடிக்கைதான். தென்மேற்குக் காற்று எழுந்தால் காலியில் நங்கூரம் போட்டவருக்குத் தூக்கம் வராது, எங்கள் உள்விரிகுடா குளம் போலக் கிடக்கும் என்றெல்லாம் மாலுமிகளுக்கு யோசனை சொல்கிறேன். எனக்கு நீந்தத் தெரியாது என்பதை மட்டும் சொல்வதில்லை.

என்னை வளர்த்தது அக்கா. கொழுந்து பறித்தே அவளுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. வேலையை விட்ட பிறகும் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில், ஓர் அறையில் தனியாக இருந்தாள். என்னோடு வந்து இரு என்று போனில் கெஞ்சுவேன். வேண்டாம் என்று ஒரே பேச்சாக மறுத்துவிடுவாள். ஒருநாள் பொறுமை போய், காரணத்தையாவது சொல் என்று கத்தினேன்.

"தொர மொகத்துலதானே வேல செய்யிற? முப்பது வருஷம் நான் பார்த்த தொர மொகம் போதும். ஒன் வீட்டுக்கு வந்தும் எந்திரிச்சு நிக்கணுமா?"

எனக்குப் புரியவே சற்று நேரம் பிடித்தது. நான் துறைமுகம் என்றது அவள் காதில் தோட்டத்தை நடத்தும் தொரையாக விழுந்திருக்கிறது. தம்பி யாரோ ஒரு தொரைக்கு எடுபிடி என்று இரண்டு வருஷமாக வருந்திக்கொண்டிருந்திருக்கிறாள். முதலில் சிரித்தேன், பிறகு அழுகை வந்தது. ஒரு வாரம் மட்டும் வந்து பார் என்றேன்.

பதுளைக்கு இறங்கி, பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தாள். இரண்டு நாள் கடலுக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் நாள் காலை என்னோடு கரைக்கு வந்தாள். மஞ்சள் கொடி கட்டிய படகு ஒன்று நங்கூரம் போட்டிருந்தது. மேல்தட்டில் வெள்ளைக்காரக் கணவனும் மனைவியும் நின்றார்கள்.

"எறங்காம ஏன் அங்கனயே நிக்கிறாங்க?"

"அதிகாரிங்கள நான் கூட்டிட்டுப் போயி பாஸ்போட்டுல சீல் அடிக்கணும்க்கா. அதுவரைக்கும் கரையில கால் வைக்கக் கூடாது. அதுக்குத்தான் அந்த மஞ்சக் கொடி."

"எத்தன நாளா வாறாங்க?"

"பதினோரு நாளு. வா, நாம ஒரு டீ குடிச்சிட்டு வருவோம்."

அக்கா நகரவில்லை.

"மனுசங்கள நிக்க வச்சிட்டு டீ குடிக்கப் போறியா? தோட்டத்துக் காலப் பெரட்டுல, வேலைக்குப் பேரு கூப்பிடுற வரைக்கும் மழையில வரிசையா நின்னவ நான். போயி மொதல்ல அவங்கள எறக்கு."

வெட்கமாகிவிட்டது. அதிகாரிகளை அவசரப்படுத்தி அழைத்துப் போனேன். கரைக்கு வந்ததும் அந்தப் பெண்ணுக்குக் கால் தள்ளாடியது. அக்கா தன் முழங்காலை மறந்து ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். பிறகு என்னிடம் திரும்பினாள்.

"இப்படி எத்தன படகு வரும்?"

"மாசத்துக்கு நாலஞ்சு."

"அப்ப நான் இங்கயே இருக்கேன். ஒன்ன நம்பினா வாறவங்கள நிக்க வச்சிருவ."