பேண்டேஜ் துணியில் செய்த டர்போ

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எஞ்சினைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இராஜபாளையத்தில் ஒரு சின்னக் காருக்கு டர்போ வைக்கத் திட்டம் போட்டார்கள். அதன் முதல் உருவத்தைச் செய்தவள் நான். அதில் ஒரு தப்பும் செய்தேன். அதைத்தான் எழுத நினைக்கிறேன்.

என் வீட்டுக்காரர் முதலில் பஞ்சாலையில் பிட்டராக இருந்தார். ஆலை வேலை போன பிறகு தென்காசி ரோட்டில் ஒரு ஷெட் போட்டு லாரியும் காரும் பார்த்தார். ஷெட்டுக்குப் பின்னாலேயே எங்கள் வீடு. இரண்டுக்கும் நடுவே ஒரே கதவு. நான் வீட்டில் இருந்தபடி பேண்டேஜ் சுற்றுவேன். சத்திரப்பட்டி தறியிலிருந்து துணி கட்டுக்கட்டாக வரும். அதை வெட்டி, உருட்டி, லேபிள் ஒட்டிக் கொடுக்க வேண்டும். ஷெட்டுக்கு யாராவது வந்தால் நான் கதவைப் பாதி சாத்திக்கொள்வேன். டீ டம்ளரைக் கதவுக்குக் கீழே வைத்துவிட்டு ஒரு தட்டுத் தட்டுவேன், அவர் வந்து எடுத்துக்கொள்வார். யாரும் என்னை அப்படி இருக்கச் சொல்லவில்லை. ஆட்களைப் பார்த்தால் எனக்கு வாய் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒருவர் வருவார். பஞ்சு வியாபாரக் குடும்பம், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். வயது முப்பதுக்குள்தான் இருக்கும், இருந்தாலும் என் வீட்டுக்காரர் அவரை முதலாளி என்றுதான் கூப்பிடுவார். அவரிடம் சிவப்பு நிறத்தில் ஒரு சின்னக் கார் இருந்தது. டிக்கி என்று தனியாகக் கிடையாது, பின்பக்கக் கதவையே மேலே தூக்க வேண்டும். அவர் கோயம்புத்தூரில் படித்தபோது கார் ரேஸ் பார்த்துப் பழகியவர். இந்தச் சின்ன வண்டி மதுரை ரோட்டில் பெரிய கார்களை முந்த வேண்டும் என்பது அவர் ஆசை.

அதற்குத்தான் டர்போ. அது என்ன என்று என் வீட்டுக்காரர் எனக்கு விளக்கினார். எஞ்சினிலிருந்து சும்மா வெளியே போகிற புகையைப் பிடித்து ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றவைப்பது. அதே கம்பியில் இன்னொரு சக்கரம் சேர்ந்து சுற்றி, காற்றை எஞ்சினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோல் கூடும், பலம் கூடும். அப்போது லாரிகளில் அது வரத் தொடங்கியிருந்தது. மேட்டில் ஏறும்போது விசில் மாதிரிச் சத்தம் கேட்கும். காரில் வைத்தவர்கள் எங்கள் ஊரில் யாரும் இல்லை.

வெளிநாட்டுக் காரிலிருந்து கழற்றிய சின்ன டர்போ ஒன்று கோயம்புத்தூரில் ஒருவரிடம் இருந்தது. அவர் ஒரு போட்டோவும் அளவு எழுதிய தாளும் மட்டும் கொடுத்தனுப்பினார். இடம் பார்த்து முடிவு செய்த பிறகு வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றாராம். அதனால் பொருள் இல்லாமலே திட்டம் போட வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரர் ஷெட்டின் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் எஞ்சினை வரைந்து, அதன் மேல் குந்தி உட்கார்ந்து யோசிப்பார். டர்போவுக்கு எண்ணெய் போக ஒரு குழாய், திரும்பி வர ஒரு குழாய் வேண்டும். திரும்புகிற எண்ணெய் தானாக வடிய வேண்டும். டர்போவைத் தாழ வைத்தால் எண்ணெய் வடியாது. உயர வைத்தால் பானெட் மூடி இடிக்கும். ஒரு மாதம் இதிலேயே போனது.

ஒரு நாள் நான் மைதாப் பசை கிண்டி லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். அவர் கதவருகே நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்.

"ஏட்டி, அந்தத் துணியில எனக்கு ஒரு டர்போ செஞ்சு தாரியா?"

போட்டோவில் அது இரண்டு நத்தைகள் முதுகோடு முதுகு ஒட்டின மாதிரி இருந்தது. இரண்டு தேங்காய்ச் சிரட்டைகளை வைத்துக் கட்டி, அதன் மேல் பசையில் நனைத்த பேண்டேஜைச் சுற்றினேன். குழாய்க்குப் பழைய சைக்கிள் டியூபில் மணலை அடைத்து, வேண்டிய மாதிரி வளைத்து, அதன் மேலும் சுற்றிக் காயவிட்டேன். காய்ந்ததும் மணலைக் கொட்டிவிட்டு டியூபை உருவினால் குழாய் நிற்கும். பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் கொஞ்சம் மயில்துத்தம் போட்டேன். அவர் ஸ்கேலை வைத்து அளந்து பார்த்தார். அளவு சரியாக இருந்தது. முதலாளி வந்தபோது அதைக் கையில் தூக்கிக் காட்டி, எங்க வீட்டுல செஞ்சது என்று மூன்று தடவை சொன்னார். கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது.

அந்தப் பொம்மையை எஞ்சினில் கம்பியால் கட்டினார்கள். வண்டி ஓடும்போது எஞ்சின் குலுங்கும், அந்தக் குலுக்கலில் அது பானெட்டில் இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு பேரும் சத்திரப்பட்டி பக்கம் போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார்கள். பசை காய்ந்து உடைந்துவிடப் போகிறது, பதனமாகக் கழற்றி வை என்று என்னிடம் சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போனார்கள்.

ஷெட்டில் யாரும் இல்லாததால் நான் உள்ளே போனேன். கழற்றிப் பார்த்தால், குழாயின் ஒரு பக்கம் உள்ளங்கை அகலத்துக்குக் கருகியிருந்தது. எஞ்சினுக்கும் அதன் பின்னால் இருக்கும் தகரத்துக்கும் இடையில் உள்ள மூலையில் இருந்த பக்கம் அது. பெட்ரோல் போகிற ரப்பர் டியூப் அந்த வழியாகத்தான் போகிறது. மற்ற இடமெல்லாம் வெள்ளை, அங்கே மட்டும் கருப்பட்டி நிறம்.

எனக்கு ஒன்றுதான் தோன்றியது. நான் பசையைச் சரியாகக் கிண்டவில்லை, அதனால் கெட்டுப்போய்விட்டது. அவர் எம்புட்டுப் பெருமையாகக் காட்டினார், திரும்பி வந்து இதைப் பார்த்தால் முதலாளி முன்னால் அவர் முகம் என்ன ஆகும். கத்தரியை எடுத்து, கருகின இடத்தை வெட்டி, புதுப் பேண்டேஜைச் சுற்றி வெயிலில் வைத்தேன். வெட்டியதை அடுப்பில் போட்டேன். சித்திரை வெயில், காய எவ்வளவு நேரம் ஆகும்? அவர்கள் வந்தபோது குழாய் பழையபடி வெள்ளையாக இருந்தது. பானெட்டில் எங்கும் இடிக்கவில்லை. அவர் சந்தோஷப்பட்டார். நானும் சந்தோஷப்பட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை முதலாளி தன் வீட்டம்மாவையும் குழந்தையையும் காரில் கூட்டிவந்தார். குழந்தைக்கு இன்னும் இரண்டு வயது முடியவில்லை. அவர் ஷெட்டில் நிற்க, அந்த அம்மா குழந்தைக்குச் சோறு ஊட்ட எங்கள் வீட்டுக்குள் வந்தார். நல்ல பேச்சுக்காரி. நான் பேசாவிட்டாலும் அவருக்குக் குறை இல்லை.

"வேகமாப் போயி என்னக்கா செய்யப்போறாரு? ஆனா இது முடிஞ்சா எங்களப் பிளவக்கல் அணைக்குக் கூட்டிப் போறேன்னு சொல்லியிருக்காரு. அதுக்காகத்தான் நானும் வாயத் தொறக்காம இருக்கேன்."

குழந்தை என் மடியில் உட்கார்ந்து பேண்டேஜ் உருண்டையைச் சப்பிக்கொண்டிருந்தது. அப்போதுதான் கதவுக்கு அந்தப் பக்கம் முதலாளியின் குரல் கேட்டது. டர்போ பழுக்கப் பழுக்கச் சூடாகும் என்று கோயம்புத்தூரில் சொன்னார்களாம். பெட்ரோல் டியூப் அவ்வளவு பக்கத்தில் போகலாமா என்று கேட்டார். என் வீட்டுக்காரர், ஓடுகிற வண்டியில் அந்த மூலைக்குக் காற்று வரும், சூடு தங்காது என்றார். பிறகு நான் செய்த குழாயை எடுத்துக் காட்டினார் போலிருக்கிறது.

"இந்தத் துணியப் பாருங்க மொதலாளி. அங்க சூடு நிக்கிறதா இருந்தா இதுதான் மொதல்ல கருகியிருக்கணும். வெள்ளை வெளேர்னு இருக்கே. இத விட என்ன சாட்சி வேணும்?"

முதலாளி சமாதானமாகிவிட்டார். திங்கட்கிழமை கோயம்புத்தூருக்குப் பஸ்ஸில் போய் டர்போவை எடுத்துவருகிறேன் என்றார். அன்றைக்கே இங்கே சைலன்சர் குழாயை அறுக்கத் தொடங்கலாம் என்று முடிவானது.

குழந்தை என் மடியில் கனத்தது. எனக்கு அப்போதுதான் புரிந்தது. அந்தக் கருகல் என் பசையின் கோளாறு இல்லை, அந்த மூலையின் சூடு. சாதாரண எஞ்சினுக்கே துணி கருகுகிறது. டர்போ வந்தால் அந்த ரப்பர் டியூப் என்ன ஆகும்? டியூபில் ஓடுவது தண்ணீரா? காருக்குள் உட்காரப்போவது இந்தக் குழந்தையும்தானே.

சனிக்கிழமை சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் சாப்பிடும்போது சொல்லிவிட வாயைத் திறந்தேன். மோர் ஊற்றவா என்று கேட்டேன். அவர் வாக்குக் கொடுத்தாகிவிட்டது. நான் சொன்னால் அவர் வாக்கு பொய்யாகும். அவரைப் பொய்யராக்கியது நான்தான் என்று அவருக்கும் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நினைக்கப் பயந்து, துணியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தேன்.

திங்கட்கிழமை காலையில் முதலாளி காரை ஷெட்டில் விட்டுவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பினார். நான் கதவைத் திறந்துகொண்டு ஷெட்டுக்குள் போய் நின்றேன். ஆள் இருக்கும்போது அப்படி ஒரு நாளும் போனதில்லை என்பதால் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

"அந்தக் குழாய் கருகுச்சு" என்றேன்.

"எந்தக் குழாய்?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நான் செஞ்சது. நீங்க டீக்கடைக்குப் போனீயள்ல, அன்னைக்கே. பெட்ரோல் டியூப்பு பக்கம். நான் வெட்டிட்டு வேற துணி சுத்திட்டேன்."

"எதுக்கு?"

"பாக்க நல்லா இல்ல."

முதலாளி சிரித்தார். "மாமியாரு வாரதுக்குள்ள அடிப்பிடிச்ச சட்டிய ஒளிச்சு வச்ச மாதிரியாக்கா?"

வேறு யாரும் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரர் முகம் கறுத்துவிட்டது. பசை சரியாகக் காய்ந்திருக்காது, ஈரத்தில் நிறம் மாறியிருக்கும் என்றார். என் தப்பை மூடத்தான் அப்படிச் சொன்னார் என்று நினைக்கிறேன். தன் கணக்கு தப்பு என்பதையும் மூடத்தான். எனக்குத் தரையைப் பார்த்துத்தான் பேச முடிந்தது. காலடியில் அவர் சாக்பீஸில் போட்ட எஞ்சின் கிடந்தது.

"ஈரம்னா எல்லா எடமும் மாறணும். அந்த மூலை மட்டுந்தான் மாறிச்சு. அது கொடியடுப்பு மாதிரி. அங்க தீ கெடையாது. பக்கத்து அடுப்புச் சூட்டுலயே சோறு வெந்துரும். இன்னொருக்கா சுத்தித் தாரேன். ஓட்டிப் பாத்துட்டுப் பொறவு பஸ் ஏறுங்க."

பஸ் போய்விட்டது. நான் புதிதாக ஒரு குழாய் சுற்றி, நன்றாகக் காயவைத்துக் கொடுத்தேன். மத்தியானம் அதே சுற்று ஓட்டிவிட்டு வந்தார்கள். பானெட்டைத் திறந்ததும் மைதா வறுத்த வாசம் வந்தது. அதே மூலை, அதே நிறம், முன்னதை விடக் கொஞ்சம் பெரியது. முதலாளி ரப்பர் டியூபைத் தொட்டுவிட்டுக் கையை வெடுக்கென்று எடுத்தார். "அவுனு, அவுனு" என்று தெலுங்கில் தனக்குள்ளே சொல்லிக்கொண்டார். ஆமாம் என்று அர்த்தம். என் வீட்டுக்காரர் பானெட்டை மூடினார்.

இரண்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், கை கழுவும்போது, என் பக்கம் திரும்பாமல் சொன்னார்.

"கருகுனதுக்குக் கோவமில்லட்டி. அத வெள்ளையாக்கி எங்கையில குடுத்தியே. நான் அத நம்பித்தான பேசினேன்."

 அதன் பிறகு பல நாள் அதையே யோசித்தேன். எங்கள் வீட்டில் தீய்ந்த தோசை என் தட்டுக்குத்தான் வரும். குழைந்துபோன சோறு என் பங்கு. கிழிந்த துணி வெளியே தெரியாமல் மடிப்பேன். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அதை ஒரு நல்ல குணம் என்றே நினைத்திருந்தேன். மறைத்ததை நம்பி இன்னொருவர் மேலே காரியம் செய்வார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. இப்போதும் எதையாவது மறைக்கத்தான் கை முதலில் போகிறது.

திட்டம் மாறியது. பெட்ரோல் டியூபை எஞ்சினின் மறுபக்கமாகச் சுற்றிக் கொண்டுபோனார். மூலையில் நடுவே இடைவெளி விட்டு இரண்டு தகரம் அடித்தார், காற்று போக வழி வெட்டினார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு குழாய் சுற்றி ஓட்டிப் பார்த்தோம். நான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் நானே கழற்றி, எப்படி இருந்ததோ அப்படியே அவர் கையில் கொடுத்தேன். மூன்றாவது வரை லேசாக நிறம் மாறியது. நான்காவது மாறவில்லை. டர்போ வந்து சேர்வதற்குள் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடித் தேர் முடிந்துவிட்டது. தேரோட்டத்துக்கு ஊரே கூடியிருக்கும்போது காரை ஓட்டிக் காட்ட நினைத்திருந்த முதலாளிக்கு ரொம்ப வருத்தம். தேர் அடுத்த வருசமும் ஓடும் என்று என் வீட்டுக்காரர் சொன்னாராம்.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதலாளி குடும்பம் மூன்று பேரும் பிளவக்கல் போனார்கள். திரும்பும்போது வீட்டுக்குப் போகாமல் நேரே ஷெட்டுக்கு வர வேண்டும் என்று என் வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லியனுப்பினார். அன்று நான் ஒரு உருண்டை கூடச் சுற்றவில்லை. நான்கு மணி வாக்கில் அந்த விசில் சத்தம் தென்காசி ரோட்டில் கேட்டது. லாரி விசிலை விட மெல்லியது. அந்த அம்மா, தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி, அணையில் தண்ணியே இல்லை என்று குறைபட்டார். என் வீட்டுக்காரர் அவர்களை வாங்க என்று கூடச் சொல்லவில்லை. பானெட்டைத் திறந்து உள்ளே கையை விட்டார். பிறகு என்னைப் பார்த்து, வந்து தொட்டுப் பார் என்றார்.

முதலாளி பக்கத்தில்தான் நின்றார். நான் போய் பெட்ரோல் டியூபைத் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. அவ்வளவுதான்.