ஓர் அடி கிழக்கே

கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பெனியில் குப்புராஜுக்கு மார்க்கிங் வேலை. முக்கோணத் தகடு வந்தால் ஒவ்வொரு மூலையிலிருந்தும் எதிர்ப்பக்கத்தின் பாதிக்குக் கோடு இழுப்பான். மூன்று கோடும் கூடுகிற புள்ளியில் துளை போட்டு கிரேனில் மாட்டினால், தகடு சாயாமல் படுத்தபடியே மேலே போகும். ஆள் அதில் கில்லாடி.

அதனால்தான் பக்கத்து நிலத்துப் பூவம்மாள் அவனைக் கூப்பிட்டாள். புருஷன் சுப்பராயன் ஆடியில் போய்ச் சேர்ந்துவிட்டார். முக்கோண நிலத்தை இரண்டு மகன்களுக்கும் மகள் திலகவதிக்கும் சமமாகப் பிரிக்க வேண்டும்.

"இது இன்னா பெரிய வேலைக்கா? நடுப்புள்ளில ஒரு முளை. அங்கேருந்து மூணு மூலைக்கும் கயிறு. மூணு பங்கும் ஒரு பிடி மண்ணு கூடாது, கொறையாது" என்றவன், அன்று சாயங்காலமே அளந்து முளையை அடித்தான்.

விடிந்து பார்த்தால் முளை கிழக்கே ஓர் அடி தள்ளி நின்றது. மழை பெய்த சேறு. ஒரு காலடிகூட இல்லை. பிடுங்கி, அளந்து, பழைய இடத்திலேயே அடித்தான். மறுநாளும் கிழக்கே அதே ஓர் அடி.

"எவன்டா பண்றது?" என்று மகன்கள் ஒருவரையொருவர் முறைத்தார்கள். குப்புராஜ் மட்டும் மனசுக்குள் கணக்குப் போட்டான். நடுப்புள்ளி ஓர் அடி நகர்ந்தால், ஏதோ ஒரு மூலை மூன்று அடி நகர்ந்திருக்க வேண்டும். தகட்டில் எத்தனை முறை பார்த்த கணக்கு!

இரண்டு வருஷத்துக்கு முன் தன் பயிருக்காக அவன் போட்ட போர்க்கிணறு, எல்லை தாண்டி சுப்பராயன் மண்ணில் விழுந்துவிட்டது. யாருக்கும் தெரியாமல் கிழக்கு மூலைக் கல்லைப் பிடுங்கி, சுப்பராயன் நிலத்துக்குள் மூன்று அடி தள்ளி நட்டான். இப்போது வாயைத் திறந்தால் போர் போய்விடும். போர் போனால் அவன் பயிர் காய்ந்துவிடும்.

மூன்றாம் நாளும் முளை அங்கேயே போய் நின்றது. இந்த முறை அதன் தலையில் ஈர மஞ்சள் பூசியிருந்தது. பொங்கலுக்குப் பொங்கல் மூலைக் கல்லுக்கு அப்படி மஞ்சள் பூசுகிற ஆள் சுப்பராயன் ஒருத்தர்தான்.

கடப்பாரையை எடுத்துக்கொண்டு எல்லோரையும் கிழக்கு மூலைக்குக் கூட்டிப்போனான். "அக்கா, கல்லு இங்க இல்ல. மூணு அடி அந்தாண்ட. நான்தான் நவுத்தி நட்டேன். போரு உங்களுது."

மகன்கள் கையை ஓங்கிக்கொண்டு வந்தார்கள். பூவம்மாள் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாவுற வரைக்கும் சொல்லிக்கினே இருந்தாரு, 'கல்லு நடந்து போச்சுடி'ன்னு. தெனம் இங்க வந்து அடி வச்சி அளப்பாரு. மூள கலங்கிப்போச்சுன்னு நாங்கதான் ஊட்ல வச்சிப் பூட்டினோம்."