பதினான்காம் கட்டிலின் எடை அட்டை

அவரைத் தராசு ஆயா என்றுதான் எல்லோரும் அழைத்தார்கள். கைக்குழந்தைகள் இல்லத்தில் திங்கட்கிழமைதோறும் எடை பார்ப்பது அவர் வேலை. தராசு காட்டியதை மட்டுமே எழுதுவார். ஒரு கிராம் கூட்டவோ குறைக்கவோ மாட்டார்.

அந்த இல்லத்தில் மூன்று அறைகள், அறைக்குப் பத்துக் கட்டில்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆயாக்களை அறை மாற்றுவார்கள். எந்தக் குழந்தையும் எவரிடமும் ஒட்டிக்கொள்ளக் கூடாது, தத்துக் கொடுக்கும்போது தொல்லை என்பது கண்காணிப்பாளரின் விதி. பால் புட்டியைச் சுருட்டிய துணியில் சாய்த்து வாயில் வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட வேண்டும். அழுதாலும் யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்துகொண்ட குழந்தை சில வாரங்களில் அழுவதை விட்டுவிடும். அதைக் குறிப்பேட்டில் 'நல்ல குழந்தை' என்று எழுதுவார்கள்.

பதினான்காம் கட்டிலில் எட்டு மாதப் பெண் குழந்தை ஒன்று அப்படி நல்ல குழந்தையாகக் கிடந்தது. முகத்தருகே குனிந்தாலும் கண்ணைத் திருப்பாது. ஏழு வாரமாக எடை ஐந்து கிலோ அறுநூறிலேயே நின்றது. தராசு ஆயா மற்ற ஆயாக்களிடம் கெஞ்சி, முறை மாற்றிக்கொண்டு, அந்த அறையிலேயே தங்கினார். அந்தக் குழந்தைக்கு மடியில் வைத்துத்தான் பால் கொடுத்தார்.

"பெத்தவளே போட்டுட்டுப் போயிட்டா. நீ எதுக்குடி மடியில கட்டிக்கிட்டுத் திரியறே?" என்று மூத்த ஆயா ஒருவர் குத்தினாராம்.

"மடி சும்மாதானே அக்கா கெடக்கு."

மூன்றாம் வாரம், அவர் கிளம்பத் திரும்பியபோது குழந்தை வீறிட்டது. அந்த அழுகையைக் கேட்டு அங்கே சிரித்தவர் அவர் ஒருவர்தான். எடை ஏறத் தொடங்கியது: ஐந்து தொள்ளாயிரம், ஆறு இருநூறு, ஆறரை. குறைத்து எழுதினால் யார் கண்ணிலும் படாது என்று மற்றவர்கள் எச்சரித்தார்கள். அவர் கேட்கவில்லை.

அந்த எண்கள்தான் அவரைக் காட்டிக்கொடுத்தன. ஒரு கட்டில் மட்டும் ஏறியிருக்கிறது. எனவே மற்றக் குழந்தைகளின் பாலைத் திருடி அதற்கு ஊட்டியிருக்கிறார் என்று முடிவு செய்து, கண்காணிப்பாளர் அன்றே அவரை வெளியேற்றினார். குறிப்பேட்டின் அதே பக்கத்தில் அந்த அறையின் மற்ற ஒன்பது குழந்தைகளின் எடையும் இருந்தது. ஒன்றுக்கும் ஒரு கிராம் குறையவில்லை. அந்த வரிகளை எவரும் படிக்கவில்லை.

நான் படித்தேன். பதினான்காம் கட்டில் என்னுடையது. இல்லத்தின் குறிப்பேட்டையும் என் எடை அட்டையையும் கேட்ட பதினோரு விண்ணப்பங்கள் மறுக்கப்பட்டு, பன்னிரண்டாவதற்குக் கிடைத்த நகல்கள் தேதிவாரியாக என்னிடம் உள்ளன. மூத்த ஆயாவைத் தேடிப் பிடித்து மீதியைக் கேட்டறிந்தேன்.

தராசு ஆயாவை ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் கண்டேன். விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொல்லி, ஒன்பது எடைகளையும் வாசித்துக் காட்டினேன்.

"அது எனக்குத் தெரிஞ்சதுதானே கண்ணு. நான் போனப்புறம் நீ அழுதியா?"

"ஆறு நாள் அழுததா எழுதியிருக்கு."

"ஏழாம் நாளு?"

"நல்ல குழந்தைன்னு."

அவர் மடிப்பதை நிறுத்தினார். எடை என்ன ஆயிற்று என்று கேட்டார். ஆறு கிலோ நூறு கிராமுக்கு இறங்கியதைச் சொன்னேன். அழுக்குத்துணி நிறுக்கும் தராசைக் காட்டி ஏறி நிற்கச் சொன்னார். ஏறினேன். தோளை நிமிர்த்திவிடக் கை நீட்டினார். என்னையும் அறியாமல் உடம்பு பின்வாங்கியது. யார் தொட்டாலும் அப்படித்தான். இத்தனை வயதிலும் அது மாறவில்லை. அவர் கைக்கும் என் உடம்பு அப்படியே பின்வாங்கும் என்பது மட்டும் நான் எதிர்பாராதது.

முள் இருபுறமும் ஆடியது.

"ஆடாம நில்லு கண்ணு," என்றார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, முள் நிற்கக் காத்திருந்தார்.