புதன்கிழமை எண்ணிய வண்டிகள்

திருத்தணி பேருந்து நிலையத்துக்கு அருகே மூடிக்கிடந்த அரிசி ஆலையை இடித்துவிட்டு ஒரு பெரிய வளாகம் கட்டப்போகிறார்கள் என்று பேச்சு கிளம்பிய வருடம், நான் சென்னையில் ஒரு சிறிய ஆலோசனை நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சிவில் டிப்ளமோ படித்துவிட்டு இரண்டு வருடம் சும்மா இருந்தவனுக்குக் கிடைத்த முதல் வேலை. அந்த வளாகத்தில் கீழே கடைகள், அதற்கு மேல் தங்கும் விடுதி, ஒரு கல்யாண மண்டபம், மேல் தளங்களில் வீடுகள். இத்தனையும் வந்தால் அந்தச் சாலை தாங்குமா என்று ஓர் அறிக்கை தேவைப்பட்டது. உள்ளூர்க்காரன் என்பதால் வண்டிகளை எண்ணுவதற்கு என்னை அனுப்பினார்கள்.

ஒரு புதன்கிழமை காலை ஆலைச் சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பஸ், லாரி, ஆட்டோ, பைக் என்று தாளில் தனித்தனிக் கட்டங்கள். நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு. என் அக்காவின் கணவர், நான் பாவா என்று கூப்பிடுகிறவர், அங்கேதான் ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு நடை முடிந்து வரும்போதும் டீ வாங்கிக்கொண்டு வந்து என் தாளை எட்டிப் பார்ப்பார்.

"இன்னா மச்சான், ரோடே காலியா கீது. இத எண்ணி இன்னா பண்ணப் போற? கிருத்திகை அன்னிக்கி வந்து குந்து. அப்ப தெரியும்."

"அதையும் எடுப்போம் பாவா" என்றேன். அப்போது அதை நம்பித்தான் சொன்னேன்.

அலுவலகத்தில் என் மேலதிகாரி அப்படி நினைக்கவில்லை. "மாசத்துல ஒரு நாள் கூட்டத்துக்காக யாரும் பில்டிங்க நிறுத்த மாட்டாங்க. சாதாரண நாள்தான் முறை" என்றார். படிப்பிலும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆனால் மலைமேல் முருகன் கோயில் இருக்கும் எங்கள் ஊரில் சாதாரண நாள் எத்தனை என்று எனக்குத் தெரியும். கிருத்திகை, செவ்வாய்க்கிழமை, முகூர்த்த நாள், பள்ளி விடுமுறை எல்லாம் போக மிஞ்சுவது கொஞ்சம்தான். விசேஷ நாட்களுக்குத் தனியாக ஆய்வு தேவை என்று வரைவில் ஒரு வரி எழுதியிருந்தேன். அவர் பேனாவால் அதன் மேல் ஒரு கோடு இழுத்தார். "அதெல்லாம் போலீஸ் பாத்துக்குவாங்க." அந்த வரி இல்லாமல் திரும்பத் தட்டச்சு செய்து, கள ஆய்வாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

பிறகு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. வேலை இரண்டே வருடத்தில் முடியும், சாலையில் ஓரடி கூட எடுக்க மாட்டோம் என்றார்கள் கட்டட நிறுவனத்தார். கடைசி வரிசையில் பாவா எழுந்து நின்றார்.

"கிருத்திகை அன்னிக்கி இன்னா பண்ணுவீங்க சார்?"

மேலதிகாரி மைக்கை என் பக்கம் தள்ளினார். "மாற்றுப் பாதை ஏற்பாடு செய்யப்படும்" என்றேன்.

"எந்தப் பாத?"

சிரித்தேன். முன்வரிசையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். பாவா உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குப் போகும்போது, "மைக்குல உன் கொரலு நல்லா கீது" என்று மட்டும் சொன்னார்.

வேலை ஆரம்பித்ததும் முதலில் வந்தது தகரத் தடுப்பு. ஓரடி எடுக்க மாட்டோம் என்றவர்கள் ஏறக்குறைய பாதிச் சாலையை எடுத்துக்கொண்டார்கள். அடித்தளத்துக்குத் தோண்டிய பள்ளத்தில் ஊற்று கிளம்பியது. இறைத்த தண்ணீரைச் சாலையிலேயே விட்டார்கள். சேறும் டிப்பர் லாரியுமாக, எதிரெதிரே வரும் இரண்டு பஸ்களில் ஒன்று நின்றுதான் மற்றது போகமுடியும். நடுவில் பல மாதம் வேலை நின்றது. தகரம் மட்டும் அப்படியே நின்றது.

வேலை மறுபடி தொடங்கிய பிறகு வந்த ஒரு கிருத்திகைக்கு நான் ஊரில் இருந்தேன். முற்பகலில் பாவாவோடு ஆட்டோ ஓட்டுகிறவர் ஒருவர் போன் செய்தார். "உங்க பாவாக்கு மாரு வலிக்குதாம். தகரத்தாண்ட மாட்டிகினு கீறாரு. சீக்கிரம் வாங்க."

ஓடினேன். தகரத்துக்கும் ஓர் ஆந்திரா பஸ்ஸுக்கும் நடுவில் ஆட்டோ சிக்கியிருந்தது. பயணிகள் இறங்கி அவரைப் பின்சீட்டில் சாய்த்து வைத்திருந்தார்கள். சட்டை முழுக்க வேர்வை. என்னைப் பார்த்ததும், "ஒண்ணுமில்ல மச்சான், வாயு" என்றார். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. கிட்டே வரவும் இல்லை, தூரம் போகவும் இல்லை. சிமென்ட் கலவை லாரி ஒன்று பின்பக்கமாகவே கட்டடத்துக்குள் நுழையப் பார்த்து, சாலைக்குக் குறுக்கே நின்றிருந்தது. அதன் இரண்டு பக்கமும் காவடிக் கூட்டம்.

நானும் மூன்று டிரைவர்களும் அவரைத் தூக்கிக்கொண்டோம். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஜனங்கள் தங்களால் ஆனமட்டும் ஒதுங்கினார்கள். பால்குடம் தூக்கிய ஓர் அம்மா தகரத்தோடு தகரமாக ஒட்டிக்கொண்டு வழி விட்டார். ஆனாலும் ஒவ்வொரு அடிக்கும் நின்று நின்றுதான் போகமுடிந்தது. பாவா என் சட்டையைப் பிடித்திருந்தார். ஆம்புலன்ஸ் கண்ணில் படும்போது அந்தப் பிடி விட்டுப்போனது.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உறுதியா சொல்ல முடியாது" என்றும் சொன்னார். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டேதான் அடுத்த நாட்களைக் கழித்தேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அக்காவிடம் சொன்னேன். எந்த நாளில் எண்ணினேன், எந்த வரியை எடுத்தேன், எதற்குக் கையெழுத்துப் போட்டேன், எல்லாவற்றையும். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"தெரியும்டா. அன்னிக்கே வந்து சொன்னாரு. உன் தம்பி காலி ரோட்ட எண்ணிகினு கீறான்னு."

"நீ ஏன் என்ன ஒண்ணும் கேக்கல?"

"கேக்கத்தான் இருந்தேன். அவருதான் வாணாம்னாரு. பையனுக்கு இப்பதான் வேல கெடச்சிகீது, அவன் மனச கலைக்காதன்னாரு."

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் எழுந்து உலை வைக்கப் போனாள்.

நடந்ததை அப்படியே எழுதி, என் பெயரைப் போட்டு, ஒரு திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தேன். அதற்கு முன்பே வேலையை விட்டிருந்தேன். சில மாதம் கழித்துப் பதில் வந்தது. ஆய்வு விதிமுறைப்படியே நடந்துள்ளது, மனு முடித்துவைக்கப்படுகிறது. இதற்கிடையில், கிருத்திகை நாட்களில் பகலில் கனரக வாகனங்களுக்கு அனுமதி இல்லை என்று தகரத்தில் ஒரு பலகை மாட்டினார்கள். அது என் மனுவால் வந்ததா, வேறு யாராவது கேட்டு வந்ததா என்று எனக்குத் தெரியாது. அந்த நாட்களில் லாரி வராமல் இல்லை.

இப்போது கட்டடம் நாலாவது மாடிக்கு வந்துவிட்டது. அக்கா அரக்கோணத்தில் ஒரு ஜவுளிக் கடைக்கு வேலைக்குப் போகிறாள். தினமும் காலையில் ஸ்டேஷனுக்கு அந்தத் தகரத்தை ஒட்டித்தான் நடக்கவேண்டும். வேறு தெரு வழியாகப் போகக்கூடாதா என்று ஒருநாள் கேட்டேன்.

"சுத்திகினு போனா ரயிலு பூடும்டா" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.