விரலுக்கு நடுவே துணி

உறையூரில் சுருட்டு சுற்றுகிறவர்களில் அழகிரியின் விரல்களுக்குத் தனி மதிப்பு இருந்தது. அந்த விரல்களை நம்பித்தான் அவர் மனைவி வேலம்மாள் அடுப்பு மூட்டினாள். ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆடியில் ஒருநாள் அவள் சோறு வடிக்கும்போது பானை சரிந்தது. பிடிக்கப் போன மனுஷனின் வலது கையில் கொதிக்கிற கஞ்சி அப்படியே கொட்டிவிட்டது.

ஐயோ, தெருவே வைத்தியம் சொல்ல வந்துவிட்டது! ஒருத்தி இங்க் புட்டியோடு ஓடிவந்தாள், இன்னொருத்தி தோசை மாவோடு. பக்கத்து வீட்டு ரெங்கநாயகிதான் அவர்களை விலக்கிவிட்டு, கையைத் தண்ணீரில் முக்கவைத்து, புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கே நர்சம்மா களிம்பு தடவி, ஒவ்வொரு விரலையும் தனித்தனியாகச் சுற்றினாள்.

"வீட்டுலயும் இப்படித்தான் கட்டணும். நடுவுல துணி வைக்காம விட்டீங்கன்னா விரல் ஒட்டிக்கும். அவர் கத்துவாரு, நீங்க விட்டுடாதீங்க."

வேலம்மாள் தலையாட்டிவிட்டு வந்தாள். தலையாட்டுவது சுலபம். மறுநாள் விரலைப் பிரித்ததும் அழகிரி போட்ட கத்தலில் அவள் கையை எடுத்துவிட்டாள்.

"கொல்லாதடி பாவி! விட்டுடு!" என்று காலை உதைத்துக்கொண்டு அழுதார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது அவள் பார்த்ததில்லை. அவளால்தானே இந்தப் பாடு? சுண்ணாம்புத் தெளிநீரில் தேங்காயெண்ணெய் விட்டு வெண்ணெய் மாதிரி அடித்து, கை முழுக்கப் பூசி, விரல்களைச் சேர்த்தே சுற்றிவிட்டாள். எரிச்சல் அடங்கி அவர் கண்ணயர்ந்தார். அதன்பிறகு தினமும் அப்படியே. ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. "உன் கை பட்டா வலியே தெரியல வேலம்மா" என்று அவர் சொல்லச் சொல்ல, அவளுக்கு வாயெல்லாம் பல்.

புண் ஆறியது. கட்டை அவிழ்த்தால், நடுவிரலும் மோதிர விரலும் சுண்டுவிரலும் ஒரே தோலாக ஒட்டிக் கிடந்தன. அழகிரி புகையிலையை எடுத்துச் சுற்றிப் பார்த்தார், வரவில்லை. வேலம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"நர்சம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களே! நான்தான் உங்க பொழப்புல மண்ணைப் போட்டுட்டேன்."

அவர் தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டு, கையை அவள் மடியில் நீட்டினார். பிரி என்று கண்ணால் காட்டினார். அவள் எண்ணெய் தொட்டு இழுத்தாள். தோல் கொடுக்கவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள். அவர் கண்ணிலிருந்து நீர் தாரை தாரையாகக் கொட்டியது. சத்தம் மட்டும் வரவில்லை. கத்தினால் அவள் விட்டுவிடுவாளோ என்று அவருக்குப் பயம்.