இடக்கைச் சுற்று

அந்த இசைக்குழுவில் அவளுக்குப் பாம்பாட்டி என்று பெயர். டிரம்ஸ்காரன் வைத்தது. பயிற்சி அறையின் சுவர் முழுக்கக் கறுப்புக் கறுப்பாகக் கேபிள்கள் சுருண்டு தொங்குவதைப் பார்த்துவிட்டு, "அக்கா, ஆளில்லாத நேரத்துல இதெல்லாம் இறங்கி வந்து தண்ணி குடிக்குமா?" என்று கேட்டான். பெயர் ஒட்டிக்கொண்டது. அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டால் இன்னும் இறுக்கமாக ஒட்டும் என்று தெரிந்தவள்.

வாரநாட்களில் அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்த்துப் பொருத்தினாள். ஞாயிற்றுக்கிழமையானால் பேஸ் கிடாரைத் தோளில் மாட்டிக்கொள்வாள். பாடகி முன்னால் நின்று கைதட்டல் வாங்குவாள். அவள் தம்பி லீட் கிடாரோடு துள்ளுவான். இவள் பின்னால், டிரம்ஸுக்குப் பக்கத்தில், கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். கூட்டத்தில் பாதிப் பேருக்கு அவள் இருப்பதே தெரியாது. அவள் கை நின்றால் மட்டும் காலடியில் ஏதோ நழுவியதுபோல் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த ஓர் இடம் அவளுக்குப் போதும். வேறெதையும் தனக்கென்று அவள் யாரிடமும் கேட்டதில்லை.

கேபிள்கள் அவள் பொறுப்புக்குத் தாமாகவே வந்து சேர்ந்தன. மற்றவர்கள் நிகழ்ச்சி முடிந்ததும் கேபிளை உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் நடுவில் வரிந்து சுற்றி, நுனியால் ஒரு முடிச்சும் போட்டு, மூட்டையாக எறிவார்கள். அப்படிச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றுக்கும் உள்ளே இருக்கும் செம்புக் கம்பிக்கு ஒரு முறுக்கு ஏறும். ஏறி ஏறி, ஒருநாள் பாட்டுக்கு நடுவே கரகரவென்று இழுத்து உயிரை விடும். இவள் ஒரு வளையத்தை மேலாகப் போட்டால் அடுத்ததை மணிக்கட்டைத் திருப்பிக் கீழாகப் போடுவாள். ஒன்றில் ஏறிய முறுக்கு அடுத்ததில் இறங்கிவிடும். பிறகு தொடக்க முனையில் ஒட்டிப் பிரிக்கிற வெல்க்ரோ பட்டையால் தளர்வாக ஒரு கட்டு. ஆணியில் மாட்டினால் அந்த இடத்திலேயே மடிந்துபோகும் என்று, உடைந்த நாற்காலிகளின் உருண்டைக் கால்களை அறுத்துச் சுவரில் முளைகளாக அடித்திருந்தாள்.

"பிடுங்குறப்ப பிளக் தலையைப் பிடிச்சு எடுங்கப்பா, வாலை இழுக்காதீங்க" என்பாள்.

"பாம்பாட்டி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பான் டிரம்ஸ்காரன். சொல்லிவிட்டு வாலையே இழுப்பான்.

அவளிடமிருந்து இதைக் கற்றுக்கொண்டவன் தம்பி ஒருவன்தான். அவனோ இடக்கைக்காரன். அவன் சுற்றிய கேபிளைப் பட்டை கட்டிய பக்கமிருந்து பார்த்தால் வளையங்கள் எதிர்த்திசையில் ஓடும். தன் இரண்டு கேபிள்களை மட்டும் அவனே சுற்றி, தன் முளையில் மாட்டுவான். "எல்லாமே உனக்குத் தலைகீழ்தான்டா" என்று அவன் மண்டையில் செல்லமாகத் தட்டுவாள்.

பாடகிக்குத் தொண்டை கட்டிவிட்டது, இந்த மாதம் நிகழ்ச்சி எதுவும் இல்லை என்று தம்பிதான் வந்து சொன்னான். மனசு கேட்காமல் அவள் போன் போட்டு விசாரித்தாள். வெந்நீர் குடி, கத்திப் பேசாதே என்றாள். பாடகி அந்தப் பக்கம் இருமியும் காட்டினாள்.

நிகழ்ச்சி இல்லையென்றாலும் கேபிளைத் துடைக்கவேண்டும் அல்லவா? ஞாயிறு காலை, வீட்டை ஒட்டிய பயிற்சி ஷெட்டைத் திறந்து, காய்ந்த துணியோடு உட்கார்ந்தாள். பேஸ் கேபிளை முளையிலிருந்து எடுத்தாள். எடுத்த கை அப்படியே நின்றது.

வளையங்கள் எதிர்த்திசையில் ஓடின.

அழகான சுற்றுதான். ஒரே அளவு, பட்டையும் அவள் கட்டுகிற தளர்ச்சியில். தம்பி நமக்கு ஒத்தாசை செய்திருக்கிறான் என்று ஒரு கணம் நெஞ்சு குளிரக்கூடச் செய்தது. துணியை ஓட்டினாள். பாதிக் கேபிளில் துணி ஒட்டிப் பிடித்துக்கொண்டது. டேப் பசை. மேடையில்தான் கால் தடுக்காமலிருக்கக் கேபிளைத் தரையோடு டேப் போட்டு ஒட்டுவார்கள். போன நிகழ்ச்சியின் பசையை அவளே சுரண்டித் துடைத்துத்தான் மாட்டியிருந்தாள். இது புதுப் பசை.

அவளுடைய கேபிள் மேடைக்குப் போய் வந்திருக்கிறது. அவள் போகவில்லை.

தம்பி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். கூப்பிட்டாள்.

"டேய், பேஸ் யாருடா வாசிச்சா?"

"எப்பக்கா?" என்றான்.

அவள் கேபிளைத் தூக்கிக் காட்டினாள். அவன் மாட்டிய செருப்பைக் கழற்றினான்.

"முழங்கையில சுத்துனா கண்டுபிடிச்சிருவன்னு பாத்துப் பாத்துச் சுத்துனேன்க்கா…"

"யாருன்னு கேட்டேன்."

"ஒரு புதுப் பையன். நிகழ்ச்சி ஏற்பாடு பண்றவங்க, மேடையில எல்லாரும் சின்ன வயசா இருக்கணும்னாங்க. பாடகியும் சரின்னுட்டா. நான் ஒருத்தன் என்ன பண்ண முடியும்?"

"வேணாம்னு சொல்லியிருக்க முடியும்."

சத்தம் கேட்டு அம்மா கரண்டியும் கையுமாக வந்தாள். "காலங்காத்தால அவனை ஏண்டி போட்டு வறுக்குற? நீ வருத்தப்படுவன்னுதான் சொல்லாம விட்டோம்."

விட்டோம். அந்த ஒரு சொல்லில் அம்மாவும் போய் அந்தப் பக்கம் நின்றுகொண்டாள். ஆக, வீட்டிலும் குழுவிலுமாகச் சேர்த்து, தெரியாமல் இருந்தவள் அவள் ஒருத்திதான்.

தம்பிக்குத் தைரியம் வந்துவிட்டது. கிட்டே வந்தான். "உன்னை யாரும் போகச் சொல்லலக்கா. கேபிளை நீதான் பாத்துக்கணும்னு எல்லாருமே சொன்னாங்க. உன்னை மாதிரி யாரு பாத்துக்குவா, சொல்லு?"

அதுவரை தாங்கியவளுக்கு அதுதான் தாங்கவில்லை. பட்டையை அவிழ்த்து, ஒரு முனையைக் கையில் பிடித்துக்கொண்டு கேபிளை வீசினாள். ஷெட்டின் அந்தக் கோடிவரை ஓடி விழுந்தது. ஒரு முடிச்சில்லை, ஒரு திருகலில்லை. தானே சுற்றியிருந்தாலும் இதைவிட நேராக விழுந்திருக்காது.

உட்கார்ந்து பசையைச் சுரண்டி எடுத்தாள். பிறகு வலக்கையால், ஒன்று மேலாக ஒன்று கீழாகச் சுற்றி, கிடார் உறைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். ஷெட்டுச் சாவியைக் காலியான முளையில் மாட்டினாள்.

"அப்ப மத்த கேபிளெல்லாம்?" என்றான் தம்பி.

"நீதான் நல்லா சுத்துறியே" என்று சொல்லிவிட்டு, கிடாரைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள்.