லூர்துராணி எண்ணெய் விட்ட கேம்

பாலக்கரையில் தையல் மிஷின் போட்டுப் பிழைத்த லூர்துராணிக்கு உலகத்திலேயே ஒரே ஒரு ஆள் மேல்தான் பொறாமை. கூடப்பிறந்த தங்கை ரோசரி. ரோசரியின் புடவையும் அவள் வைக்கிற குழம்பும்கூடப் போகட்டும். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் கடைக்குட்டித் தம்பி இன்னாசிராஜ், லீவில் வந்தால் புத்தூரில் ரோசரி வீட்டில்தான் பெட்டியை இறக்குவான். பெரியக்கா வீட்டில் ஒரு காபி, அவ்வளவுதான். அதை நினைத்தால் லூர்துராணிக்கு வயிறு எரியும்.

எண்பத்து மூன்றாம் வருஷக் கிறிஸ்துமஸுக்கு வந்தவன், அக்காமார் இருவருக்கும் ஆளுக்கொரு கையடக்க வீடியோ கேம் கொடுத்தான். உள்ளங்கையளவு பெட்டி, சின்னத் திரை, இரண்டு பொத்தான்.

"பத்திரமா வச்சுக்கங்கக்கா" என்றான்.

லூர்துராணி அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த லீவில் இரண்டையும் பார்ப்பான். யாருக்கு அருமை தெரியும் என்று புரியும். அப்புறம் அவன் பெட்டி பாலக்கரையில் இறங்கும்.

பிளாஸ்டிக் உறையோடு கேம் ஷோகேஸுக்குள் போனது. யாரும் தொடக்கூடாது. சனிக்கிழமை தோறும் தையல் மிஷினுக்கு எண்ணெய் விடும்போது, கேமையும் வெளியே எடுத்து, பொத்தான் இடுக்கில் ஒவ்வொரு சொட்டு விட்டுத் துடைத்து வைப்பாள். ஓடுகிற சாமான் எதுவானாலும் எண்ணெய் வேண்டும் என்பது அவள் கட்சி.

ரோசரி வீட்டிலோ தெருவே அதை விளையாடியது. பொத்தானில் பெயின்ட் போய்விட்டது. பின்மூடி உடைந்து பிளாஸ்திரி போட்டிருந்தார்கள். ரோசரியின் புருஷன் அற்புதசாமி பேட்டரி தீர்ந்தால் மாற்றி, பேட்டரி தொடுகிற தகட்டை அழிரப்பரால் தேய்ப்பார். "அடப்பாவமே, இப்படியா ஆகணும்" என்று உச்சுக்கொட்டிவிட்டு, லூர்துராணி சந்தோஷமாக பஸ் ஏறுவாள்.

இரண்டு வருஷம் கழித்து இன்னாசிராஜ் வந்தான். பெட்டி வழக்கம்போலப் புத்தூரில் இறங்கியிருந்தது. லூர்துராணி கேமை எடுத்து அவன் கையில் வைத்தாள். புதுக்கருக்கு மாறவில்லை. அவன் பொத்தானை அமுக்கினான். சத்தமில்லை. திரையில் ஒன்றும் தெரியவில்லை. மூடியைக் கழற்றினான். போட்டபடியே கிடந்த பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தது. பொத்தானுக்கு அடியிலிருந்த ரப்பர் எண்ணெயில் ஊறி உப்பியிருந்தது.

"எண்ணெய் விட்டியாக்கா?"

"நல்லா ஓடட்டும்னுதான்." கேமை வெடுக்கென்று வாங்கிக்கொண்டாள். "அவ வீட்டுது?"

"அது ஓடுது. காலையிலகூட விளையாடினேன்."

லூர்துராணிக்கு ஆத்திரமாக வந்தது. "எல்லாத்தையும் பாழாக்குறா. அவ வீட்டுலதானே போய்ப் படுக்குற நீ. நான் என்னடா குறை வச்சேன்?"

வாங்கிய நாளிலிருந்து பாலிதீன் உறை கழற்றாத சோபாவின் நுனியில்தான் இன்னாசிராஜ் உட்கார்ந்திருந்தான்.

"குறையெல்லாம் இல்லக்கா. உன் வீட்டுல எதையும் தொட பயமா இருக்கு."

லூர்துராணி எழுந்து தையல் மேசைக்குப் போனாள். துணி வெட்டும் கத்தரிக்கோலோடு வந்து, "எந்திரி" என்றாள். உறையை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் வெட்டி உருவி எறிந்தாள்.

அவன் உட்கார்ந்தான். பிறகு சாய்ந்தான். பிறகு காலையும் தூக்கி மேலே வைத்துக்கொண்டான்.

"சாப்பாட்டுக்கு ரோசரிக்கா காத்துக்கிட்டிருக்கும்" என்றான், எழுந்திருக்காமல்.

"காத்துக் கிடக்கட்டும்" என்றாள் லூர்துராணி.